இல்லக் கணிப்பொறியில் இணையம் அறுபடுதல்: பிழையிடம் காணும் நெறி

முன்னுரை

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனத்தால் தொடங்கப்பெற்றது. அந்நாளில் அது பெருநகரங்கள் சிலவற்றிற்கு மட்டுமே உரியதாய் இருந்தது. தொலைபேசிக் கம்பியின் வழியே நொடிக்கு 9.6 கிலோபிட் என்னும் அளவில் எழுத்துகள் ஊர்ந்து வந்தன. இன்றோ மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்காசிக்கும் இராசபாளையத்திற்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில், எலுமிச்சை வணிகத்தால் பெயர் பெற்று விளங்கும் புளியங்குடியின் இல்லங்களிலும் கண்ணாடியிழை வழியே இணையம் வந்து சேர்ந்துள்ளது.

1998ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் பயனாகச் சங்க நூல்கள் முதல் சீறாப்புராணம் வரை பல நூல்களை நம் மாணவர் வீட்டிலிருந்தே பயில முடிகின்றது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனத்தின் மின்னூலகமும் அவர்தம் கைக்கு எட்டும் தொலைவில் உள்ளது. தேர்வுக் கட்டணம், உதவித்தொகை விண்ணப்பம், மேற்படிப்புச் சேர்க்கை ஆகிய அனைத்தும் இன்று இவ்வழியே நடைபெறுகின்றன. வளைகுடா நாட்டில் உழைக்கும் தந்தையின் முகத்தைக் குழந்தை காண்பதும் இவ்வழியேதான்.

இத்துணைப் பயன் தரும் இணைப்பு, விண்ணப்பத்தின் இறுதி நாளன்று மாலையில் அறுபடுமாயின் விளையும் இழப்பு சிறிதன்று. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கல்லூரிகள் மூடப்பட்டு வகுப்புகள் திரைக்கு மாறியபோது இவ்வுண்மையை நாம் அனைவரும் உணர்ந்தோம். அந்நிலையில் பலர் செய்வது யாது? பெட்டியைத் தட்டுவர், கம்பிகள் அனைத்தையும் பிடுங்கிச் செருகுவர், இறுதியில் 'பெட்டி பழுது' என்று யாரேனும் கூறக் கேட்டு, பழுதில்லாத பெட்டியை மாற்றப் பணம் செலவிடுவர். பிழை இருக்கும் இடத்தை முறையாக அறியின் இவ்விழப்பைத் தவிர்க்கலாம். அம்முறையை எளிய தமிழில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'நெட் இல்லை' என்னும் சொல்

நம் ஊரில் இணையம் தொடர்பான எக்குறைக்கும் வழங்கும் சொல் ஒன்றே: 'நெட் இல்லை'. ஆயின் இவ்வொரு சொல்லுள் வேறுபட்ட நான்கு நிலைகள் அடங்கியுள்ளன. இணைப்பு முற்றும் அற்றுப்போதல் ஒன்று. விட்டுவிட்டு அறுந்து மீண்டும் தானே வருதல் மற்றொன்று. அறாமல் மந்தமாதல் மூன்றாவது. இணைப்பு நன்றாய் இருக்கக் குறிப்பிட்ட தளம் மட்டும் திறவாதிருத்தல் நான்காவது. இந்நான்கிற்கும் காரணங்கள் வேறு, தீர்வுகளும் வேறு. காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி ஆகிய மூன்றையும் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் கூறினால் மருத்துவர் எங்ஙனம் மருந்து தருவார்? திருக்குறளின் மருந்து அதிகாரம் நோய் இன்னது எனத் தெளிதலையே முதற்படியாக வைப்பது ஈண்டு நினையத்தக்கது. ஆகவே, நேர்ந்திருப்பது நான்கனுள் எது என்று சொல்லால் வரையறுத்தல் முதற்கடமையாகும்.

இணைப்பின் ஆறு உறுப்புகள்

தமிழ் பயில்வோர் ஒரு பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகளாகப் பிரித்துக் காண்பர். நன்னூல் கற்பித்த இப்பழக்கம் ஈண்டும் கைகொடுக்கும். இல்லத்து இணைய இணைப்பையும் ஆறு உறுப்புகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கணிப்பொறி. இரண்டாவது, கணிப்பொறிக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள வீட்டிணைப்பு. இது கேபிளாகவோ வைஃபையாகவோ இருக்கும். மூன்றாவது, மோடம் அல்லது ரவுட்டர் என்னும் பெட்டியும் அதற்கு மின்சாரம் தரும் அடாப்டரும். நான்காவது, வீட்டுச் சுவரிலிருந்து சேவை நிலையம் வரை செல்லும் வெளிக்கம்பி. ஐந்தாவது, சேவை நிலையமும் அதற்கு அப்பாலுள்ள பெருவழிகளும். ஆறாவது, நாம் காண விரும்பும் தளமும், அதன் பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும் பெயர்ச் சேவையும்.

குளத்து நீரை நம்பிப் பயிர் செய்யும் உழவர், வயலில் நீர் வாராதபோது உடனே குளத்தைக் குறை கூறுவதில்லை. வாய்க்கால் கரை வழியே மேல்நோக்கி நடப்பர். எவ்விடம் வரை நீர் வந்து நிற்கின்றதோ அதற்கும் வறண்ட இடத்திற்கும் இடையில்தான் உடைப்போ அடைப்போ இருத்தல் வேண்டும் என அறிவர். நாம் செய்ய வேண்டுவதும் அதுவே. ஆறு உறுப்புகளுள் எதுவரை இணைப்பு நலமாய் உள்ளது என்று கண்டால், அதற்கு அடுத்த உறுப்பே ஐயத்திற்குரியது.

முதற்சோதனை: மற்றொரு கருவி

கணிப்பொறியில் இணையம் இல்லையெனின், அதே வைஃபையில் ஒரு கைப்பேசியை இணைத்துப் பார்த்தல் வேண்டும். இவ்வாறு பார்க்குங்கால் கைப்பேசியின் மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுதல் இன்றியமையாதது. நிறுத்தாவிடில் அது தன் சொந்த வழியில் இணையத்தைப் பெற்று நம்மை மயக்கும்.

கைப்பேசியில் இணையம் வருமாயின் பெட்டியும், வெளிக்கம்பியும், நிலையமும் நலமாய் உள்ளன. பிழை பெரும்பாலும் கணிப்பொறியிலோ அதன் வீட்டிணைப்பிலோ உள்ளது. கைப்பேசியிலும் வாராதாயின் கணிப்பொறியைக் குறை கூறுதல் பொருந்தாது. பெட்டியை நோக்கிச் செல்லுதல் வேண்டும். ஒரு நிமிடத்தில் முடியும் இச்சோதனை, தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகின்றது.

இரண்டாம் சோதனை: விளக்குகள் கூறும் செய்தி

பெட்டியின் முகப்பிலுள்ள சிறு விளக்குகள் அழகிற்காக வைக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஓர் உறுப்பின் நிலையை உரைப்பதாகும். மின்விளக்கு எரியாவிடில் குறை அடாப்டரிலோ மின்செருகியிலோ உள்ளது. அடாப்டர் பழுதானால் அதே வோல்ட் அளவும், போதுமான ஆம்பியர் அளவும் உடையதையே மாற்ற வேண்டும். முனை பொருந்துகிறது என்பதற்காக வேறொன்றைச் செருகினால், பெட்டி அடிக்கடி அணைந்து எரியும். சில வேளை முற்றும் கெடும்.

கண்ணாடியிழை இணைப்பில் 'பான்' என்னும் விளக்கு பச்சை நிறத்தில் நிலையாக எரிதல் நலத்தின் அறிகுறி. 'லாஸ்' என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். அப்பொழுது இழை எங்கேனும் ஒடிந்தோ, கூர்மையாக மடிந்தோ, இணைப்பு முனையில் தூசு படிந்தோ இருக்கலாம். வீட்டிற்குள் மேசைக்கும் சுவருக்கும் இடையில் இழை நசுங்கியிருக்கின்றதா என்பதை நாம் பார்க்கலாம். அதற்கு மேல் செய்வது நம் பணியன்று. கழற்றிய இழையின் முனையைக் கண்ணருகே வைத்து உற்று நோக்குதல் கூடவே கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குப் புலனாகாதது. எனினும் கண்ணுக்குத் தீங்கு செய்யவல்லது.

பழைய செப்புக் கம்பி இணைப்பாயின் 'டிஎஸ்எல்' விளக்கைக் காண வேண்டும். அதில் பேச்சொலி 4 கிலோஹெர்ட்சுக்குக் கீழும், இணையத் தகவல் ஏறத்தாழ 26 கிலோஹெர்ட்சு முதல் 1100 கிலோஹெர்ட்சு வரையும் ஒரே கம்பியில் செல்கின்றன. இரண்டையும் பிரிக்கும் சிறு கருவி ஸ்பிளிட்டர் எனப்படும். தொலைபேசி மணி ஒலிக்கும்போதெல்லாம் இணையம் அறுபடுமாயின் முதலில் ஐயுற வேண்டியது அக்கருவியையே.

மூன்றாம் சோதனை: எண்வழி விசாரணை

விளக்குகள் யாவும் நலம் என்று கூற, கணிப்பொறி மட்டும் 'இல்லை' என்று சாதித்தால், 'பிங்' என்னும் கட்டளையைத் துணைக்கொள்ளலாம். 1983ஆம் ஆண்டு மைக் மூஸ் என்பவர் இதனை இயற்றினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் ஒலியலை சென்று மோதித் திரும்புவது போல, இக்கட்டளை ஒரு முகவரிக்குச் சிறு செய்தியை அனுப்பி, மறுமொழி வருகின்றதா எனக் காண்கின்றது. விண்டோஸ் கணிப்பொறியில் கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கருப்புத் திரையைத் திறந்து, இக்கட்டளையையும் முகவரியையும் தட்டச்சு செய்தால் போதும். நான்கு முகவரிகளை வரிசையாக வினவுதல் வேண்டும்.

முதலில் 127.0.0.1. இது கணிப்பொறி தன்னைத் தானே வினவுதல். மறுமொழி இல்லையேல் கணிப்பொறியின் மென்பொருளிலேயே குறை உள்ளது.

இரண்டாவது, பெட்டியின் முகவரி. பல வீடுகளில் இது 192.168.1.1 என இருக்கும். சரியான எண் பெட்டியின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். மறுமொழி இல்லையேல் குறை வீட்டிணைப்பில் உள்ளது.

மூன்றாவது, 8.8.8.8. இது வீட்டிற்கு வெளியே உள்ள கூகிள் நிறுவனத்தின் பெயர்ச் சேவைக் கணிப்பொறி. பெட்டி மறுமொழி தந்து இது தராவிடில் குறை பெட்டிக்கு அப்பால் உள்ளது எனக் கருதலாம். சில தளங்கள் இவ்வினாவிற்கு மறுமொழி தாராதவாறு அமைக்கப்பட்டிருப்பதால், 1.1.1.1 என்னும் மற்றொரு முகவரியையும் வினவி உறுதி செய்தல் நன்று.

நான்காவது, ஏதேனும் ஒரு தளத்தின் பெயர். எண்ணுக்கு மறுமொழி வந்து, பெயருக்கு 'காண இயலவில்லை' என்று வருமாயின் குறை பெயர்ச் சேவையில் உள்ளது. 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் வகுத்த இச்சேவையே தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருகின்றது. தெரு திறந்திருக்க, வீட்டு எண் கூறுவார் இல்லாத நிலை இது. கணிப்பொறியின் அமைப்பில் பெயர்ச் சேவை முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என மாற்றினால் இக்குறை தீரும்.

இவ்விசாரணையில் கணிப்பொறியின் சொந்த முகவரியையும் நோக்க வேண்டும். அது 169.254 என்று தொடங்குமாயின், பெட்டியிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணிப்பொறி தானே ஒன்றைப் புனைந்துகொண்டது என்பது பொருள். அப்பொழுது கேபிள் முனையின் சிறு கொக்கி உடைந்து தளர்ந்துள்ளதா எனப் பார்த்து, பெட்டியையும் கணிப்பொறியையும் முறைப்படி மீண்டும் இயக்குதல் வேண்டும்.

அணைத்து இயக்கும் வரிசை

அணைத்து இயக்குதல் மூடநம்பிக்கை அன்று. நாள்கணக்கில் ஓயாது இயங்கும் பெட்டியின் நினைவகத்தில் சேர்ந்த குழப்பங்கள் அதனால் நீங்குகின்றன. முகவரியும் புதிதாகக் கிடைக்கின்றது. ஆயின் வரிசை பிறழக் கூடாது. முதலில் கணிப்பொறியையும் பெட்டியையும் அணைத்து அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். பின்னர்ப் பெட்டியை இயக்கி, விளக்குகள் நிலைபெறும் வரை இரண்டு மூன்று நிமிடங்கள் பொறுத்தல் வேண்டும். அதன் பின்னரே கணிப்பொறியை இயக்க வேண்டும். பெட்டியின் பின்புறத் துளைக்குள் உள்ள 'ரீசெட்' பொத்தானை மட்டும் அழுத்தலாகாது. சேவையாளர் பதிந்த கணக்குப் பெயரும் கடவுச்சொல்லும் அதனால் அழிந்து, சிறு குறை பெருங்குறையாகிவிடும்.

கடிகாரத்தால் விளையும் மயக்கம்

இணைப்பு முழுதும் நலமாய் இருந்தும், எத்தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்னும் எச்சரிக்கையே வருவதுண்டு. பலர் இதனையும் 'நெட் இல்லை' என்பர். இந்நிலையில் திரையின் மூலையில் உள்ள நாளையும் ஆண்டையும் நோக்குக. பழைய மேசைக் கணிப்பொறியின் உள்ளே நாணய வடிவில் 3 வோல்ட் மின்கலம் ஒன்று உண்டு. அது தீர்ந்தால் மின்சாரம் தடைப்படும் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பல்லாண்டு பின்னோக்கிச் சென்றுவிடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றுகள் குறிப்பிட்ட கால எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியாவன. ஆகவே, தவறான ஆண்டில் நிற்கும் கணிப்பொறி அவற்றை ஏற்க மறுக்கின்றது. சிறு விலை மின்கலம் ஒன்றை மாற்றி, நாளைத் திருத்தினால் குறை நீங்கும். இதனை அறியாதார் புதுக் கணிப்பொறியே வாங்க எண்ணுதல் இயல்பு.

விட்டுவிட்டு அறுபடுதல்

நான்கு நிலைகளுள் மிகத் தொல்லை தருவது இதுவே. பழுதுபார்ப்பவர் வந்து நிற்கும்போது இணைப்பு நலமாய் இருக்கும். அவர் சென்றபின் அறுபடும். இதற்கு மருந்து ஒரு குறிப்பேடு. அறுந்த நேரம், மீண்ட நேரம், அப்பொழுது பெட்டியில் எரிந்த விளக்குகள், மழை, மின்தடை ஆகியவற்றை ஒரு வாரம் எழுதி வந்தால் காரணம் தானே வெளிப்படும்.

சாரல் பெய்யும் நாள்களில் மட்டும் அறுபடின், வெளிக்கம்பியின் இணைப்பில் நீர் புகுகின்றது எனலாம். நண்பகலில் மட்டும் அறுபடின், வெயில் படும் இடத்திலோ மூடிய அலமாரியிலோ வைத்த பெட்டி சூடேறுகின்றது. மின்சாரம் போய் வந்த பின்னர் அறுபடின், பெட்டிக்குச் சிறிய யுபிஎஸ் தேவை. உள்ளறையில் அறுந்து கூடத்தில் நலமாய் இருப்பின், தடித்த சுவர்களும் இரும்பு அலமாரிகளும் வைஃபை அலையைத் தடுக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்சு அலை தொலைவு செல்லும். ஆயின் அண்டை வீட்டு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதில் குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்சு அலை விரைவு மிக்கது. சுவர்களைக் கடக்கும் ஆற்றல் குறைந்தது. கணிப்பொறியைக் கேபிளால் நேரே பெட்டியுடன் இணைத்து ஒரு நாள் பார்த்தால் வைஃபை குற்றவாளியா இல்லையா என்பது தெளிவாகும்.

ஈண்டு ஒரு விதியை வலியுறுத்த வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தல் வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றி இணைப்பு மீண்டால், எதனால் மீண்டது என்பது தெரியாது. அடுத்த முறையும் இருளில் தேட நேரும்.

நம் கைக்கு அப்பாற்பட்டவை

எல்லாப் பிழையும் வீட்டிற்குள் இல்லை. 2008ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடிக் கம்பிகள் அறுந்தபோது, இந்தியாவின் இணையப் போக்குவரத்து பெருமளவு பாதிக்கப்பட்டது. 2021 அக்டோபர் 4ஆம் நாள் இரவு முகநூலும் வாட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. அந்நிறுவனத்தின் வலையமைப்பில் நேர்ந்த பிழையே அதற்குக் காரணம். அன்று தம் வீட்டுப் பெட்டியை அணைத்து அணைத்து இயக்கினோர் பலர். தொடர்பில்லாத வேறிரு தளங்களைத் திறந்து பார்த்தவர் மட்டும் உண்மையை உடனே அறிந்தனர். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. இத்தகைய காலங்களில் பொறுமையும், கைப்பேசி வழியாக மாற்று இணைப்பும் அன்றி வேறு வழியில்லை. ஆகவே, இறுதி நாள் வரை காத்திராது விண்ணப்பங்களை முன்கூட்டியே அனுப்புதல் அறிவுடைமை. இடி மின்னல் வேளையில் பெட்டியின் மின்செருகியைக் கழற்றி வைத்தலும் நன்று.

முறையிடும் முறை

குறை வெளிக்கம்பியிலோ நிலையத்திலோ உள்ளது எனத் தெளிந்தபின் சேவையாளரிடம் முறையிடல் வேண்டும். அதற்கு முன் மாதக் கட்டணம் செலுத்தப்பட்டுள்ளதா, அம்மாதத்திற்குரிய அளவு தீர்ந்துவிட்டதா எனப் பார்த்துக்கொள்ளல் நலம். 'நெட் இல்லை' என்று மட்டும் கூறாது, 'காலை 9 மணி முதல் லாஸ் விளக்கு சிவப்பாக எரிகின்றது. அணைத்து இயக்கியும் மாறவில்லை' என்று கூறினால், அவர் எக்கருவியுடன் வரவேண்டும் என்பதை முன்னரே அறிவார். முறையீட்டு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, முறையீட்டு மையத்தில் தீர்வு கிட்டாதபோது அச்சேவையாளரின் மேல்முறையீட்டு அமைப்பை நாடும் உரிமை நுகர்வோர்க்கு உண்டு. அதற்கு அவ்வெண்ணே சான்றாகும்.

சேவையாளரின் தொலைபேசி எண்ணைப் பழைய கட்டண இரசீதிலிருந்தே எடுத்தல் வேண்டும். தேடுபொறியில் கிடைக்கும் எண்களுள் வஞ்சகர் பரப்பியனவும் உள. 'பழுதைச் சரிசெய்கிறோம்' என்று கூறிக் கணிப்பொறியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியைப் பதியச் சொல்வோரையும், கைப்பேசிக்கு வரும் கடவெண்ணைக் கேட்போரையும் நம்புதல் கூடாது. ஏமாற்றப்பட்டுப் பணம் இழந்தோர் காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணில் முறையிடலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், பிழையை நான்கு நிலைகளுள் ஒன்றாக வரையறுத்தல், இணைப்பை ஆறு உறுப்புகளாகப் பிரித்தல், நலமான உறுப்பு எதுவரை என்று சோதித்தல், ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல், கண்டதைக் குறித்து வைத்தல் என்னும் ஐந்தும் இந்நெறியின் சாரம் என்பது பெறப்படும். இவற்றிற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. நிதானமும், கண்டதைத் தெளிவாகச் சொல்லும் மொழித்திறனும் போதும்.

ஆண்கள் வெளிநாடு சென்றிருக்க, தாயும் பிள்ளைகளும் மட்டுமே உள்ள இல்லங்கள் நம் பகுதியில் பல. அங்கே இணைப்பு அறுந்தால், பெட்டியின் முன் நிற்கப்போவது பெரும்பாலும் ஒரு மாணவனோ மாணவியோதான். ஆங்கிலத்தில் தோன்றும் பிழைச் செய்தியைக் கண்டு அஞ்சாது, 'இது மூன்றாம் உறுப்பு வரை நலம். நான்காவதில் குறை' என்று தமிழில் எண்ணிப் பார்க்கக் கற்ற மாணவர், தம் வீட்டாருக்கு மட்டுமன்றித் தெருவினருக்கும் துணையாவர். சொல்லைப் பிரித்துப் பொருள் காணப் பழகிய தமிழ் மாணவர்க்குப் பிழையைப் பிரித்து இடம் காணுதல் அரியதொரு செயல் அன்று. அவர்கள் இந்நெறியைத் தம் இல்லத்தில் ஒரு முறை செய்து பார்த்து, அறியாதார்க்கும் கற்பிப்பாராக.